இருப்புப்பாதைக்கு முன்கூட்டியே நிலம்

ஒரு ராஜ்யத்தின் இருப்புப்பாதை அபிவிருத்தி என்றதும் புதிய வண்டிகளும் அவற்றின் வேகமுமே பலர் நினைவுக்கு வருகின்றன. ஆனால், திட்டத்தின் வெற்றியை நிர்ணயிப்பது நிலமே. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் எத்தனை பாதைகள் தேவைப்படும் என்று கணித்து, அவற்றுக்கான இடத்தை இன்றே ஒதுக்குவதுதான் தொலைநோக்குத் திட்டமாகும்.

இதற்கு மும்பையே சான்று. 1853 ஏப்ரல் 16ஆம் நாள் போரி பந்தரிலிருந்து தாணேக்கு முதல் பிரயாணி வண்டி ஓடியது. அதே தடத்தில், மாதுங்கா, சயான் வழியாக இன்று உள்ள நான்கு பாதைகளை உள்ளூர் மின்சார வண்டிகளும் வெளியூர் வண்டிகளும் பகிர்ந்துகொள்கின்றன. விரைவில் வேகம் எடுத்து விரைவில் நிற்கவல்ல உள்ளூர் வண்டிகளுக்கு நடுவே கனத்த நெடுவண்டி ஒன்று புகுமாயின், அது நிற்பதற்கு நீண்ட தூரம் வேண்டும். எனவே அதிக இடைவெளி விட நேரிடுகிறது. அவ்விடைவெளியில் ஓடியிருக்கக்கூடிய உள்ளூர் வண்டிகளை நகரம் இழக்கிறது. நெரிசலில் மக்கள் வாயிற்படியில் தொங்குகின்றனர். தண்டவாளங்களைக் கடக்கையிலும் வண்டியிலிருந்து விழுந்தும் பிற வகையிலும், 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்டோர் மும்பைப் புறநகர்ப் பாதைகளில் உயிரிழந்தனர்.

பரிகாரம் தெரியாததன்று: இருவகை வண்டிகளுக்கும் தனித்தனிப் பாதைகள் வேண்டும். தாணேக்கும் திவாவுக்கும் இடையே 5, 6ஆம் பாதைகள் 2008இல் அங்கீகாரம் பெற்று, 2022இல்தான் திறக்கப்பட்டன. குர்லாவுக்குத் தெற்கே இடம் இன்னும் குறுகியது. தாராவியையும் சயானையும் இணைத்த 1912ஆம் ஆண்டுப் பாலத்தின் கீழ் மேலும் இரு பாதைகள் செல்ல இடமிருக்கவில்லை. ஆகவே அது 2024 ஆகஸ்டில் வாகனங்களுக்கு மூடப்பட்டது. அன்று சில அடி அகலம் கூடுதலாக விட்டிருந்தால், தாராவி மக்களுக்கு இந்தச் சுற்றுவழி நேர்ந்திராது.

இதற்கு மாறான உதாரணமும் அருகிலேயே உண்டு. செம்பூருக்கு அப்பால், 1970இல் அமைக்கப்பெற்ற சிட்கோ நிறுவனம், புதிய நகரம் நிரம்புமுன்னரே இருப்புப்பாதைக்கு இடம் விட்டது. மான்கூர்டிலிருந்து கடற்கழியைத் தாண்டி 1992இல் வாஷியை அடைந்த பாதையின் செலவில் மூன்றில் இரு பங்கை அந்நிறுவனமே ஏற்றது. பாதை வந்ததால் நிலத்தின் மதிப்பு உயர்ந்தது. அவ்வுயர்வே பாதைக்கும் பொருளளித்தது. சரக்குப் போக்குவரத்துக்கு வசை–திவா பாதை வழிகாட்டுகிறது. வடக்கிலிருந்து வரும் சரக்கு வண்டிகள் அதன் வழியாக மாநகரினுள் நுழையாமலே நவசேவா துறைமுகத்தை அடைய இயலும்.

வீடில்லாதோர் மலிந்த நாட்டில் நிலத்தை வெறுமனே வைத்திருக்கலாமா என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. பாதை வரும் வரை அங்கே விளையாட்டு மைதானமும் மரத்தோப்பும் இருக்கலாம். நிரந்தரக் கட்டடம் மட்டும் கூடாது. ஏற்கெனவே குடியிருப்போருக்கு அருகிலேயே மாற்று வீடு தந்த பிறகே அவர்களை அகற்ற வேண்டும்.

தாராவிப் புனரமைப்புக்காக இருப்புப்பாதை நிலத்தின் ஒரு பகுதியும் அளிக்கப்பட்டுள்ளது. வீடுகள் அவசியமே. எனினும் சுவர்கள் எழுமுன், வருங்காலப் பாதைகளுக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்பதை அளந்து, வரைபடத்தில் குறித்து, சட்டத்தால் காத்திடல் வேண்டும். புணே, நாசிக், நாகபுரி முதலிய வளரும் நகரங்களிலும் இதுவே முதற்பணியாகட்டும்.