மூன்றாம் அடியை ஏன் விழுங்குகிறீர்கள்?

பூசை முடிவிலும் யோகா வகுப்பு முடிவிலும் ஒரு சமஸ்கிருத வாழ்த்து ஒலிக்கிறது. உலகத்தார் எல்லாரும் இன்பமாக வாழட்டும் என்பது அதன் கடைசி அடி. பன்னாட்டு யோகா மேடைகள் வரை அது பரவிவிட்டது. இவ்வளவு பரந்த மனம் வேறு எந்த மதத்துக்கு உண்டு என்று நம்மிடமே கேட்கிறார்கள்.

தோழர்களே, அந்தச் சுலோகத்துக்கு நான்கு அடிகள். குடிகள் நலமாக இருக்கட்டும். அரசர்கள் நியாய வழியில் மண்ணை ஆளட்டும். பசுக்களுக்கும் பிராமணர்களுக்கும் என்றும் மங்களம் உண்டாகட்டும். பிறகுதான் உலகத்தார் எல்லாரும். கடைசி அடியை மட்டும் கத்தரித்து மேடையில் பாடுகிறவர்கள் மூன்றாவதை விழுங்கிவிடுகிறார்கள். பிராமணர் என்றால் ஞானி, பசு என்றால் வளம் என்று விளக்கம் சொல்வார்கள். வளத்தை விளைவிப்பவர் சேற்றில் நிற்பவர். அவருக்குத் தனி அடி எங்கே?

நியாய வழி என்ற சொல்லிலும் நமக்குச் சந்தேகம் உண்டு. வருணங்களைக் காப்பதற்கே அரசன் படைக்கப்பட்டான் என்கிறது மனுஸ்மிருதியின் ஏழாம் அத்தியாயம். அந்த நியாயத்தைத்தான் 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அம்பேத்கரும் தோழர்களும் தீயிலிட்டார்கள்.

தொலைவுக்குப் போக வேண்டாம். விழுப்புரத்தை அடுத்த மேல்பாதிக்கு வாருங்கள். 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நுழைந்ததற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவு இருக்கிறது. கோயில் நுழைவுச் சட்டம் 1947இலிருந்தே இருக்கிறது. அரசு என்ன செய்தது? இரு தரப்புத் தகராறு என்று சொல்லி, ஜூன் 7 அன்று கோயிலுக்குச் சீல் வைத்தது. அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே தராசில்! 2024இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கதவு திறந்தது. பூசாரி மட்டும் உள்ளே போய்ப் பூசை செய்யலாம், மக்களுக்கு அனுமதியில்லை. தெய்வத்தின் பசி ஆற்றப்பட்டது, நம் உரிமை வாசலில் நின்றது. தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் ஆனது.

மேல்பாதியில் கதவை மறித்தவர்கள் பிராமணர்கள் அல்லர், சாதி இந்துக்கள். மூன்றாம் அடியின் நாற்காலி காலியாக இருப்பதே இல்லை. ஊருக்கு ஊர் அதில் உட்காருபவர் மாறுகிறார், அவ்வளவுதான்.

1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 2021இல், திருவெண்ணெய்நல்லூர் அருகே ஒட்டனந்தலில் தலித் முதியவர்கள் மூவர் பஞ்சாயத்தார் காலில் விழவைக்கப்பட்டார்கள். 2025இல், திண்டிவனம் நகராட்சி அலுவலகத்தில் ஒரு தலித் ஊழியரைக் கவுன்சிலர் காலில் விழவைத்ததாகப் புகார். அரசு அலுவலகத்துக்குள்ளேயே, தோழர்களே! நல்லாட்சி வாழ்த்தை எந்தச் சுவரில் எழுதி வைப்பது?

ஆள்பவர் நல்லவராக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வது குடிகளின் வேலை. நாம் எவருடைய குடிகளும் அல்லர், வாக்குள்ள குடிமக்கள். வன்கொடுமை வழக்கில் எஃப்.ஐ.ஆர். போட்டாயா, குற்றப்பத்திரிகை எப்போது, கோயில் விழாவில் எங்கள் தெருவுக்கும் தேர் வருமா என்று கேட்பதற்கு நமக்கு மந்திரம் தேவையில்லை.

உங்கள் கல்லூரி விழாவில் அடுத்த முறை இந்த வாழ்த்தைப் பாடினால், நான்கு அடிகளையும் பாடச் சொல்லுங்கள். பிறகு மூன்றாவதன் பொருளை ஒலிபெருக்கியில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.