வால் போன இடத்தில் கால்

1992 ஜனவரியில் ‘நேச்சர்’ ஆய்விதழில் இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. புவனேஸ்வரத்தில் உள்ள உத்கல் பல்கலைக்கழகத்தின் பிரியம்வதா மொஹந்தி ஹெஜ்மாடி, எஸ்.கே.தத்தா, பி.மகாபாத்ரா ஆகிய மூவரின் ஆய்வு அது. அவர்கள் தலைப்பிரட்டையின் வாலை வெட்டி, பிரட்டையை வைட்டமின் ஏ கலந்த தண்ணீரில் விட்டார்கள். சாதாரணமாக வெட்டுப்பட்ட வால் திரும்ப முளைத்துவிடும். இங்கே வால் முளைக்க வேண்டிய இடத்தில் கால் முளைத்தது. பார்த்த மாத்திரத்தில் தவளையின் பின்னங்கால் என்று சொல்லிவிடலாம். சிலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட கால்கள்.

பூச்சிகளில் இப்படி நடப்பது முன்பே தெரியும். பழ ஈயில் ஒரு மரபணு பிசகினால் தலையில் உணர்கொம்புக்குப் பதில் கால் வந்து நிற்கும். முதுகெலும்புள்ள விலங்கு ஒன்றில் ஓர் உறுப்பின் இடத்தில் வேறோர் உறுப்பு முழுதாக வந்ததற்கு முதல் சான்று புவனேஸ்வரத்திலிருந்துதான் கிடைத்தது. மறு ஆண்டே மால்கம் மேடன் லண்டனில் ஐரோப்பியத் தவளையிலும் இதைச் செய்துகாட்டினார்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது ‘இனி மனிதனுக்கும் கை, கால் முளைக்கும்’ என்று செய்தி வருகிறது. அதைப் படித்துவிட்டு என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இந்த ஒடிசா தலைப்பிரட்டையைத்தான் சொல்வேன். முளைப்பதை விடவும் கடினமான கேள்வி ஒன்று இருப்பதை அது காட்டிக்கொடுத்தது. முளைப்பது எதுவாக முளைக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது எது?

தலைப்பிரட்டையின் வால் வெட்டுப்பட்டதும் நடப்பதைப் பார்ப்போம். சில மணி நேரத்தில் மேல்தோல் ஊர்ந்து வந்து காயத்தை மூடுகிறது. நம் உடலிலும் காயத்தைத் தோல் மூடும். பிறகு தழும்பு கட்டிக் கதை முடிந்துவிடும். பிரட்டையில் அந்தத் தோலுக்கு அடியில், ஓரிரு நாளில், பிரிந்து பெருகும் செல்கள் ஒரு மொட்டாகத் திரள்கின்றன. தண்டுவடத்தின் வெட்டுமுனை நீள்கிறது, முதுகுநாண் நீள்கிறது, தசையோரம் காத்துக்கிடக்கும் துணைச் செல்கள் புதிய தசையைக் கட்டுகின்றன. ஒன்றிரண்டு வாரத்தில் நீந்துவதற்கு ஏற்ற வால் தயார். ஸ்பல்லன்சானி என்ற இத்தாலியப் பாதிரியார் 1768இலேயே இதை எழுதிவைத்திருக்கிறார்.

இந்த வேலையில் தண்டுவடச் செல் தண்டுவடத்தைத்தான் தருகிறது, தசையின் துணைச் செல் தசையைத்தான் தருகிறது. எல்லாமாகவும் ஆகக்கூடிய மாயச் செல் எதுவும் நடுவில் வருவதில்லை. அப்படியிருக்க, வால் முனையில் கால் எப்படி வந்தது? விடைக்குக் கருவின் முதல் நாளுக்குப் போக வேண்டும்.

தவளை முட்டையின் மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி வெளுப்பு. மேலும் கீழும் உண்டே தவிர, முதுகு எது வயிறு எது என்பது இன்னும் முடிவாகவில்லை. விந்தணு ஒரு பக்கமாக நுழைகிறது. முதல் பிளவுக்கு முன்பாக முட்டையின் புறப்படலம் உள்ளிருக்கும் கனத்த மஞ்சள் கருவின் மீது சுமார் 30 டிகிரி நகர்கிறது. விந்தணு நுழைந்ததற்கு எதிர்ப்பக்கம் முதுகாகிறது. அவ்வளவுதான், ஒரு சிறு நகர்வு. புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி அதைத் தடுத்தால் தலையும் முதுகும் இல்லாத வயிற்றுப் பிண்டம் ஒன்று வளரும். அதே முட்டையைச் சற்று நேரம் சாய்த்து வைத்தால் மஞ்சள் கரு தன் பாரத்தால் சரிந்து, தலையும் முதுகும் உள்ள ஒழுங்கான கரு வந்துவிடும்! புவியீர்ப்பே வேலையை முடித்துக்கொடுக்கிறது. கருவியலில் எனக்கு மிகப் பிடித்த சோதனை இது; வகுப்பில் இதைச் சொல்லும்போது பின்வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.

கரு இழப்பைச் சமாளிப்பதும் அப்போதே தொடங்கிவிடுகிறது. 1888இல் வில்ஹெல்ம் ரூ, இரு செல்லாகப் பிரிந்த தவளைக் கருவில் ஒரு செல்லைச் சூடான ஊசியால் கொன்றார். வந்தது அரைக் கரு. ஒவ்வொரு செல்லின் விதியும் முன்பே எழுதப்பட்டுவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். 1910இல் மெக்ளெண்டன் அந்த ஒரு செல்லைக் கொன்று அங்கேயே விடாமல் உறிஞ்சி வெளியே எடுத்தார். மீதமிருந்த செல் முழுக் கருவாக வளர்ந்தது. செத்த செல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தவரை, உயிருள்ள செல் தன்னை இன்னும் பாதி என்றே கணக்கிட்டிருக்கிறது. தான் எங்கே இருக்கிறோம், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்ற தகவலை வைத்துத்தான் செல் தன் வேலையை முடிவுசெய்கிறது.

அந்தத் தகவலைத் தரும் வேதிப்பொருள்களில் ஒன்று, வைட்டமின் ஏயிலிருந்து உடலே தயாரிக்கும் ரெட்டினாயிக் அமிலம். செல்லுக்கு அது கொடுப்பது முகவரி. உடலின் நீளவாக்கில் ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் இருந்து, எந்தெந்த மரபணுக்கள் எங்கெங்கே விழிக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. வெட்டுப்பட்ட வாலின் மொட்டு, வைட்டமின் ஏ மிகுந்த தண்ணீரில், தான் இடுப்பருகே இருப்பதாக முகவரியைத் தவறாகப் படித்துவிட்டது. இடுப்பில் என்ன முளைக்க வேண்டுமோ அதை முளைக்கவைத்தது.

இதற்கும் ஓர் இந்திய முன்கதை உண்டு. ஜெய்ப்பூரில் நியாஸியும் சக்ஸேனாவும் 1978இலேயே தேரைப் பிரட்டைகளின் பின்னங்காலை வெட்டி வைட்டமின் ஏயில் வைத்தபோது, வெட்டியதோடு சேர்த்து வெட்டாத மேல்பகுதியும் இன்னொரு முறை முளைப்பதைக் கண்டார்கள். அங்கேயும் முகவரிதான் குழம்பியிருந்தது.

இது குட்டைத் தண்ணீரோடு நிற்கும் விஷயமில்லை. கடுமையான முகப்பருவுக்குக் கொடுக்கப்படும் ஐசோட்ரெடினாயின் இதே குடும்பத்து மருந்து. கர்ப்ப காலத்தில் அதைச் சாப்பிட்டால் சிசுவின் காது, இதயம், மூளை ஆகியவை பிறழ்ந்து உருவாகும் ஆபத்து பெரியது. கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களுக்கு அதைக் கருத்தடை இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பது விதி. கடைக்காரரிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை இல்லை அது.

செய்தித்தாள்கள் அதிகம் கவனிக்காத இன்னொரு உண்மை, முளைக்கும் திறன் தலைப்பிரட்டையிலேயே நிரந்தரமில்லை என்பது. ஆய்வகங்களில் வளர்க்கப்படும் ஜெனோபஸ் என்ற ஆப்பிரிக்கத் தவளையின் பிரட்டை, கருவுற்ற நான்காம் நாளையொட்டிச் சிறிது காலம் வாலை முளைக்கவைக்க மறுக்கிறது. அதற்கு முன்பு முளைக்கும், பின்பும் முளைக்கும். நடுவில் வெறும் தழும்பு. 2007இல் மைக்கேல் லெவின் குழுவினர், ஹைட்ரஜன் அயனியைச் செல்லிலிருந்து வெளியே தள்ளும் புரதம் ஒன்றை அந்த மறுப்புக் காலத்துப் பிரட்டையில் செயல்படவைத்தபோது வால் முளைத்தது. 2009இல் டோக்கியோ ஆய்வாளர்கள், நோய் எதிர்ப்பு அமைப்பை அடக்கும் மருந்தைக் கொடுத்தே அதைச் சாதித்தார்கள். வால் கட்டும் திறன் அங்கேயேதான் இருந்திருக்கிறது. ஏதோ ஒன்று அதைத் தடுத்துவைத்திருந்தது.

கால் விஷயம் இன்னும் கறாரானது. பின்னங்கால் சிறு மொட்டாக இருக்கும்போது வெட்டினால் முழுதாக வரும். பிரட்டை வளர வளர விரல்கள் ஒவ்வொன்றாகக் குறையும். உருமாற்றம் முடிந்த ஜெனோபஸ் தவளையில் மூட்டும் தசையும் இல்லாத ஒரு குருத்தெலும்புக் கூர் மட்டுமே நீளும். தவளைகள் பலவற்றில் அதுவும் கிடையாது. இதற்கிடையே, அத்தனை பாடுபட்டு மீட்ட வாலை, தைராய்டு சுரப்பு ஏறியதும் உடலே கரைத்துத் தின்றுவிடுகிறது.

2022இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் நிரோஷா முருகன், லெவின், டேவிட் கப்லான் உள்ளிட்டோர் வளர்ந்த ஜெனோபஸின் வெட்டுப்பட்ட காலில் ஒரு சிலிக்கோன் மூடியை 24 மணி நேரம் மாட்டினார்கள். உள்ளே பட்டுப் புரதக் கூழில் ஐந்து மருந்துகள். அந்த ஒரு நாள் தூண்டுதலுக்குப் பிறகு 18 மாதம் கால் வளர்ந்தது. தவளை அதை உதைத்து நீந்தியது. நுனியில் விரல்போல வந்தவற்றுக்கு உள்ளே எலும்பு இல்லை. ஐந்தில் ஒன்று எது தெரியுமா? ரெட்டினாயிக் அமிலம். நல்ல ஆய்வு, சந்தேகமில்லை. ஆனால் தவளைக்கே விரல் முழுதாக வராத நிலையில், விபத்தில் கை இழந்தவரிடம் போய் ‘இன்னும் கொஞ்ச நாள்தான்’ என்று சொல்வது கொடுமை. பத்திரிகைகள் இதில் கொஞ்சம் நிதானம் காட்டலாம்.

என் ஆதங்கம் வேறொன்று. உலகம் முழுக்க ஆய்வகங்களில் ஜெனோபஸ் கோலோச்சுவதற்குக் காரணம் ஒரு தற்செயல். 1930களில் கேப்டவுனில், கர்ப்பிணியின் சிறுநீரை அதன் தோலுக்கடியில் செலுத்தினால் ஒரு நாளுக்குள் முட்டையிடும் என்று கண்டார்கள். அது மருத்துவமனைகளின் கர்ப்பப் பரிசோதனைக் கருவியாக ஊர் ஊராகப் போனது. வேண்டிய நாளில் ஊசி போட்டு முட்டை எடுக்கலாம் என்பதால் கருவியலாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வசதிதான். உத்கல் ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டதோ, ‘யூப்பரோடான் சிஸ்டோமா’ என்ற உருண்டைத் தவளை. ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் கிடந்து, மழை பெய்ததும் வெளியே வந்து, வற்றப்போகும் குட்டையில் முட்டையிடுவது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும்கூட உண்டு. வசதியைப் பார்த்திருந்தால் அதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

நம் கல்லூரிகளில் ஒரு காலத்தில் தவளை என்றால் ‘ரானா ஹெக்ஸாடாக்டைலா’. குளோரோஃபார்ம், மெழுகுத் தட்டு, குண்டூசி. ஒரு தலைமுறை அதன் வயிற்றைக் கிழித்தே விலங்கியல் படித்தது. 2014இல் பல்கலைக்கழக மானியக் குழு அதை நிறுத்தச் சொன்னது சரியான முடிவு. அதோடு சேர்ந்து உயிருள்ள தவளையும் வகுப்பை விட்டு வெளியேறியதுதான் சரியில்லை. கருவளர்ச்சிப் பாடம் இன்று கணினித் திரையிலும் மங்கிப்போன கண்ணாடிச் சில்லுகளிலும் நடக்கிறது. முட்டை இரண்டாகப் பிளப்பதைத் தன் கண்ணால் பார்க்காமலேயே மாணவர் முதுகலைப் பட்டம் வாங்கிவிடுகிறார்.

வாலை வெட்டும் சோதனையை இளங்கலை வகுப்பில் செய்யச் சொல்லவில்லை. அதற்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், காரணமும் வேண்டும். பார்ப்பதற்கு எதையும் கொல்ல வேண்டியதில்லை. ஜெனோபஸுக்கு நியூகூப், ஃபேபர் இருவரும் 1956இல் வகுத்த 66 வளர்ச்சி நிலைகளின் பட்டியல் உண்டு. அதன் காலக்கணக்கு 23 டிகிரி வெப்பத்துக்கு உரியது. பொதுவாக எல்லாத் தவளைகளுக்கும் பயன்படுத்தும் கோஸ்னரின் 46 நிலைகள் 1960இல் வந்தவை. நம் ஊர்க் குட்டையின் வெப்பத்தில், வற்றும் தண்ணீரோடு பந்தயம் வைத்து ஓடும் பிரட்டைகளுக்கு அந்த 23 டிகிரிக் கடிகாரம் பொருந்தாது.

வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழைக்கு மறுநாள் காலை, ஒரு விலங்கியல் துறை தன் வளாகக் குட்டையோரம் ஒரு வெப்பமானியும் கை லென்ஸும் கைபேசிக் கேமராவும் எடுத்துக்கொண்டு போனால் போதும். முட்டையிட்ட நேரம், நீரின் வெப்பம், முதல் பிளவு, வால்மொட்டு, பொரிப்பு, பின்னங்கால் மொட்டு, வால் மறைவு என்று அரைமணிக்கு ஒருமுறையாகத் தொடங்கி, பிறகு நாளுக்கு ஒருமுறையாகப் படத்தோடு குறித்து வைக்கலாம். பத்துக் கல்லூரிகள் ஐந்து பருவமழைக்கு இதைச் செய்தால், தமிழ்நாட்டுத் தவளைகள் சிலவற்றுக்காவது சொந்தமாக ஒரு வளர்ச்சிப் பட்டியல் இருக்கும். நாளை யாராவது இங்கே அனுமதி பெற்று ஒரு வாலை வெட்டி ஆராய வேண்டுமானால், அவர் முதலில் தேடப்போவது அந்தப் பட்டியலைத்தான்.

- கட்டுரையாளர், ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர்.