இயந்திரம் மட்டும் போதுமா?

வன்னிக்கு உதவ முன்வருவோர் பலர் குருதிச் சுத்திகரிப்பு இயந்திரத்தையே முதலில் நினைக்கின்றனர். நன்று. ஆனால் வழக்கமாக வாரத்தில் மூன்று நாள்கள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் அதனோடு கட்டுண்டு கிடக்கும் விவசாயி வயலுக்குப் போவது எப்போது?

1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, காரணம் உறுதிப்படாத சிறுநீரக நோய் வவுனியாவையும் முல்லைத்தீவையும் விட்டுவைக்கவில்லை. சுகாதார அமைச்சும் உலக சுகாதார ஸ்தாபனமும் நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்த பின்னரும் காரணம் பற்றிய சர்ச்சை ஓயவில்லை. அது ஓயும்வரை கைகட்டி நிற்பதா? தொடக்கத்தில் இந்நோய் வலிப்பதில்லை; சிறுநீர், குருதிப் பரிசோதனைகளே அதைக் காட்டிக்கொடுக்கும். ஊர்தோறும் அப்பரிசோதனை, தூய குடிநீர், நீரிழிவுக்கும் குருதியமுக்கத்துக்கும் தவறாத மருந்து, வலிமாத்திரையில் எச்சரிக்கை ஆகியவற்றையே நான் முதலில் கேட்கிறேன்.

இயந்திரத்தில் கொடையாளர் பெயரைப் பொறிக்கலாம். வராமல் தடுத்த நோயில் எவர் பெயரைப் பொறிப்பது? அதனால்தான் அதற்குக் கொடையாளர் அரிதோ?