தரிசு என்று எழுதிய நிலத்தில் கட்டாமை

ராதாபுரம் வட்டாரத்தில் உடைமரமும் முள்புதருமாகக் கிடக்கும் பொட்டலைப் பார்க்கிறவர் வாயில் முதலில் வரும் சொல் தரிசு. தேசியத் தொலையுணர்வு மையத்தின் தரிசு நில வரைபடமும் புதர் நிலத்தைத் தரிசு வகையில்தான் சேர்க்கிறது. கட்டாமை எனப்படும் நட்சத்திர ஆமைக்கோ இப்படிப்பட்ட வறண்ட முள்ளுக்காடுதான் வீடு. ஓட்டின் மஞ்சள் கோடுகள் காய்ந்த புல்லின் வெயிலோடும் நிழலோடும் கலந்து அதை மறைத்துவிடும். கோடையில் புதருக்கடியில் ஒடுங்கிக் கிடக்கும்; மழை பெய்ததும் வெளிவந்து புல், பூ, உதிர்ந்த பழம் என்று மேயும். பெண் ஆமை பின்னங்கால்களால் குழி பறித்து, சில முட்டைகளே இடும். அவை பொரிய மாதக்கணக்காகும். அத்தனை நாளும் அந்த மண் கலையாமல் இருக்க வேண்டும்.

கடத்தல்தானே உண்மையான எதிரி என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஒரே வணிக மையத்துக்காக ஓராண்டில் குறைந்தது 55,000 ஆமைகள் பிடிக்கப்பட்டதாக 2015-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. 2019-ல் பன்னாட்டு வணிகத் தடையின் முதல் பட்டியலுக்கும், 2022 சட்டத்திருத்தத்தால் நம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கும் இந்த ஆமை வந்துவிட்டது. கடத்தினால் ஏழாண்டு வரை சிறை. ஆனால் மீட்ட ஆமையை எங்கே விடுவது? வடமேற்கு இந்திய ஆமைகளும் தென்னிந்திய ஆமைகளும் மரபணுவில் வேறுபட்டவை என்பதை ஐதராபாத் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கண்ட காட்டில் விட முடியாது. தெற்கத்தி ஆமைக்குத் தெற்கத்தி முள்ளுக்காடு மிஞ்சியிருக்க வேண்டும். பையில் போட்டுக் கொண்டுபோகிறவனைப் பிடிக்கிறோம்; முட்டை கிடக்கும் மண்ணைப் பொக்லைன் வழிக்கும்போது யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் இந்த நிலங்களில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. கட்டாயம் வேண்டும், இந்த வட்டாரத்துக்கு அவை வருமானமும்கூட. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. காற்றாலையின் அடித்தளமும் பாதையும் போக மீதி நிலத்தில் ஆடு மேயலாம், ஆமை நடமாடலாம். சூரியப் பண்ணைக்குப் பெரும்பாலும் நிலம் முழுவதையும் வழித்து வேலி போடுகிறார்கள். சூரியத் தகடுகளைக் கட்டடக் கூரைகளிலும் ஏற்கெனவே மண் கலைந்த இடங்களிலும் முதலில் அமைக்கலாம். சீமைக்கருவேலத்தை அகற்றுவதும் நல்லதே. உடைமரத்தையும் நாட்டுப் புதரையும் சேர்த்துப் பிடுங்காமல் அகற்ற வேண்டும். வல்லநாட்டு முள்ளுக்காடு வெளிமானுக்காகச் சரணாலயமானது. கட்டாமைக்கு அத்தனை பெரிய ஏற்பாடுகூட வேண்டாம். நிலத்துக்கு அனுமதி கொடுக்குமுன் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை நடந்து பார்த்துக் கணக்கெடுக்கட்டும். சித்திரையில் போய்ப் பார்த்துவிட்டு ஆமை இல்லை என்று எழுதும் அறிக்கையை ஏற்கக் கூடாது.