மலைச்சரிவின் வில்லங்கம்

சமவெளியில் ஒரு மனை வாங்கப் புகுந்தால், வில்லங்கச் சான்றிதழ் எடுத்து, மூலப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டி, வாஸ்து பார்ப்பவரையும் ஒரு தரம் அழைத்துச் சென்று, அதற்கு மேல்தான் முன்பணத்தைப் பற்றி வாய் திறக்கிற நம்மவர்கள், கோத்தகிரிப் பக்கமோ குன்னூர்ப் பக்கமோ ஒரு பத்து சென்ட் சரிவு நிலத்தைக் கண்டுவிட்டால், எதிரே விரியும் பள்ளத்தாக்கின் சௌந்தரியத்தில் மனத்தைப் பறிகொடுத்து, எந்தப் பதிவேட்டிலும் ஏறாத வில்லங்கம் அந்தச் சரிவுக்கு உண்டா என்று ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை.

நீலகிரிக்கு அப்படிப்பட்ட வில்லங்கம் நிறையவே உண்டு. 2009 நவம்பரில், கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1978-லும் 1993-லும் இதே மலை சரிந்திருக்கிறது. இத்தனைக்கும் அடியில் இருக்கும் பாறை சாமானியமானதன்று. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் காணப்படும் சார்னோக்கைட் என்ற உறுதியான பாறை அது. (கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் வெள்ளைக்காரரின் கல்லறைக்கு இக்கல்லையே வைத்திருந்தபடியால், ஹாலந்து என்ற புவியியல் நிபுணர் அவர் பெயரையே கல்லுக்கும் சூட்டிவிட்டார்.) ஆனால் யுகயுகமாக வெயிலிலும் மழையிலும் சிதைந்து, அப்பாறையின் மேற்பகுதி பல மீட்டர் கனத்துக்குச் செம்மண்ணாகிக் கிடக்கிறது. மழைநீர் அதற்குள் இறங்கி, கீழே பாறை தடுப்பதால் போக வழியின்றித் தேங்கும்போது, மண்ணின் பாரம் கூடுவதோடு, துகளும் துகளும் ஒன்றையொன்று பற்றி நிற்கும் பிடிப்பையும் அந்நீரின் அழுத்தம் தளர்த்திவிடுகிறது. ஆகவே, வீடு கட்டுகிறவன் முதலில் அறிய வேண்டிய விஷயம் நிலத்தின் விலையன்று, நீரின் வழி.

அதை அறியச் சொந்த மனையின் எல்லைக் கல்லுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் போதாது. மேலே மலை முகடு வரைக்கும் ஏறி, கீழே ஓடை வரைக்கும் இறங்கிப் பார்க்க வேண்டும். முகட்டில் வில்லைப் போல் வளைந்த வெடிப்புகள் தென்பட்டாலும், மரங்கள் அடியில் வளைந்து பிறகு நிமிர்ந்து வளர்ந்திருந்தாலும், வேலிக் கம்பங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தாலும், கோடையிலும் ஈரம் வற்றாத இடம் இருந்தாலும், தெளிந்து வந்த ஊற்று திடீரென்று கலங்கி வந்தாலும், அந்தச் சரிவு மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகிக்க நியாயம் உண்டு. புரோக்கர்கள் மெச்சிக்கொள்ளும் 'இயற்கையாகவே அமைந்த சமதளம்' சில சமயம் பழைய சரிவொன்று வந்து தங்கிய மேடாக இருக்கும், அது வரப்பிரசாதமன்று.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நிலச்சரிவு வாய்ப்பைக் காட்டும் வரைபடங்களைத் தயாரித்திருக்கிறது. அவசியம் பார்க்க வேண்டியவைதாம். ஆயினும் ஒரு சென்டிமீட்டர் அரைக் கிலோமீட்டரைக் குறிக்கும் 1:50,000 அளவையில் நம்முடைய பத்து சென்ட் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த புள்ளியாகிவிடுகிறது. அப்பிரதேசத்தின் குணத்தை அந்தப் படம் சொல்லும். நம் மனையின் குணத்தைச் சொல்லாது. அதற்குச் சோதனைக் குழி வெட்டி, மண்ணின் கனத்தையும் பாறையின் வெடிப்புகள் எத்திசையில் சாய்கின்றன என்பதையும் புவியியல் படித்தவர் ஒருவர் நேரில் பரீட்சிக்க வேண்டும்.

நல்ல சரிவையும் கெடுக்கும் சாமர்த்தியம் நமக்கு உண்டு. மலையின் அடிப்பக்கத்தைச் செங்குத்தாக வெட்டி, வெட்டிய மண்ணை முன்புறம் கொட்டிச் சமன் செய்து, பாதி வீட்டைக் கெட்டி நிலத்திலும் பாதி வீட்டைக் கொட்டிய மண்ணிலும் நிறுத்தி, பின்னால் தண்ணீர் வெளியேறத் துளைகூட வைக்காமல் ஒரு தடுப்புச் சுவரை எழுப்பி, கழிவுநீரையும் அதே சரிவுக்குள் இறங்கவிட்டால், பெருமழைக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இவ்வளவும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பாக்கியம் உடையவர்களுக்கே பொருந்தும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இலங்கையின் பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29-ஆம் தேதி காலை மண்ணில் புதையுண்ட லயன் வீடுகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் அந்த இடத்தைத் தாங்களாகத் தேர்ந்தவர்கள் அல்லர். அபாயம் குறித்த எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. குடியேற வேறு நிலம் மட்டும் கொடுக்கப்படவில்லை. அவர்களுக்கு உபதேசம் செய்வது அநியாயம்.

கையில் பணம் வைத்துக்கொண்டு மலையில் மனை தேடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளில் மனை காட்டுகிறவர்கள் பெரும்பாலும் சித்திரை வைகாசியில்தான் காட்டுவார்கள். அந்தச் சரிவுகளில் பெருமழை பெய்வதோ ஐப்பசி கார்த்திகையில். அந்த மழையில் ஒரு தரம் குடையோடு போய், தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே நிற்கிறது, எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.