கொப்பி அடிச்சதா, விழுங்கினதா?

ஐரோப்பாவுக்கு வெளியில ஒருத்தர் கியூபிஸ பாணியில் வரைந்தால், "பரிஸில இருந்து கொப்பி அடிச்சது" எண்டு கதையை முடிச்சுவிடுறது எங்கட விரிவுரை அறைகளிலும் வழக்கம்தான். பிக்காசோ ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்து வரைந்தால் மட்டும் அதுக்குப் பெயர் 'தூண்டுதல்'. இந்தக் கணக்கை 1928இலேயே குழப்பிவிட்டவர்கள் பிரேசில்காரர்.

தார்சிலா டோ அமரால் 1923இல் பரிஸில் லோட், கிளேஸ், லெஜே ஆகியோரிடம் படித்தவர். 1928 ஜனவரியில் தன் கணவரும் கவிஞருமான ஒஸ்வால்ட் டி ஆன்ட்ராடேக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு ஓவியம் கொடுத்தார். பெரிய பாதம், குட்டித் தலை, பக்கத்தில் ஒரு கள்ளிச்செடி. துப்பி மொழியில் பெயர் தேடி 'அபபோரு' என்று வைத்தார்கள். மனிதரைத் தின்னும் மனிதர் என்று அர்த்தம். அந்த மே மாதமே ஒஸ்வால்டின் 'நரமாமிச அறிக்கை' வெளிவந்தது. ஐரோப்பாவைத் துரத்தவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். தின்று செரித்து எங்கட உடம்பாக்குவம் என்பதுதான் அதன் வாதம். அதில் போட்ட திகதிதான் எங்களுக்கு இன்னும் பிடிச்சது. கிறிஸ்து பிறந்த கணக்கில்லை. போர்த்துக்கேய பிஷப் சார்டின்ஹாவைப் பூர்வகுடிகள் விழுங்கியதிலிருந்து 374ஆம் ஆண்டாம்!

சரி, தின்றது யார்? இதைக் கேட்காமல் கைதட்ட எங்களால ஏலாது. தார்சிலா கோப்பித் தோட்ட முதலாளியின் மகள். பரிஸ் படிப்புக்குப் பின்னால் இருந்தது கோப்பிக் காசு. அவர் பிறந்தது 1886இல். பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது 1888இல். தோட்டத்தில் பார்த்த, முன்பு அடிமைகளாக இருந்த பெண்களின் நினைவிலிருந்துதான் 1923இல் 'ஆ நெக்ரா'வை வரைந்தார். கறுப்புப் பெண் என்பதுதான் அந்தத் தலைப்பு. தொங்கும் ஒற்றை மார்பு, தடித்த உதடு, பின்னால் லெஜேயை நினைவூட்டும் வண்ணப் பட்டைகள். அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. 'அபபோரு' என்ற சொல்லும் அகராதியைப் புரட்டி எடுத்ததுதானே, துப்பி ஆக்களிட்டக் கேட்டு வச்சதில்லை.

அதுக்காக அபபோருவைத் தூக்கி எறியச் சொல்லேல்ல. 'கொப்பி' என்ற வசைக்கு இதைவிடத் துணிச்சலான பதிலை நாங்கள் இன்னும் வாசிக்கவில்லை. ஆனால் பரிஸைத் தின்ற அதே வாய், தன் தோட்டத்து ஆக்களையும் தின்றிருக்கு. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கவேணும். அடுத்த தடவை வினாத்தாளில் 'ஐரோப்பியச் செல்வாக்கை விளக்குக' எண்டு வந்தால், 'செல்வாக்கு' எண்ட சொல்லோடயே சண்டையைத் தொடங்கப் போறம்.