குக்கீக்குப் பயந்து ஸ்பைவேரை வீட்டுக்குள் விடுகிறோமா?

வேலை முடிந்து வந்து வீட்டு லேப்டாப்பைத் திறக்கிறீர்கள். திரையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பெட்டி எட்டிப் பார்க்கிறது. 'உங்கள் கணினியில் நூற்றுக்கணக்கான அச்சுறுத்தல்கள் உள்ளன. உடனே சுத்தம் செய்யுங்கள்.' பதறிப்போய் அழுத்தினால் ஓர் 'இலவச ஸ்கேன்' ஓடுகிறது. முடிவில் நீளமான பட்டியல் வருகிறது. அதில் முக்கால்வாசி 'டிராக்கிங் குக்கீ'. கீழே 'இப்போதே நீக்கு' என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் ஒரு மென்பொருள் இறங்குகிறது. பிறகு கார்டு நம்பர் கேட்கிறது.

அந்தப் பட்டியலில் இருந்த குக்கீகளால் கணினிக்கு எந்தச் சேதமும் வந்திருக்காது. கடைசியாக இறங்கியதே அந்த மென்பொருள், அதுதான் ஆபத்து.

குக்கீ வேறு, ஸ்பைவேர் வேறு. இரண்டுக்கும் வைத்தியமும் வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிப் பயமுறுத்துவது சிலருக்கு நல்ல வியாபாரம். அதில் நஷ்டம் வீட்டில் கணினி வைத்திருப்பவருக்கு.

குக்கீ என்றால் என்ன?

இணையதளத்துக்கு இயல்பிலேயே ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனாலே, நீங்கள் யார் என்று அதற்குத் தெரியாது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மான்டுல்லி என்ற பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். இணையதளம் ஒரு சின்ன எழுத்துத் துணுக்கை உங்கள் பிரவுசரில் போட்டு வைக்கும். அடுத்த முறை வரும்போது அதைப் படித்து அடையாளம் கண்டுகொள்ளும். அதுதான் குக்கீ. கூடையில் போட்ட பொருள் காணாமல் போகாமல் இருப்பதும், ஒவ்வொரு பக்கத்திலும் பாஸ்வேர்டு கேட்காமல் இருப்பதும் இதனால்தான்.

குக்கீ என்பது மென்பொருள் கிடையாது. அது தானாக ஓடாது, உங்கள் ஃபைலைத் திறக்காது, கேமராவை இயக்காது.

அப்போ சிக்கல் எங்கே? நீங்கள் போகும் தளத்தைத் தாண்டி, அந்தப் பக்கத்தில் விளம்பரம் வைத்திருக்கும் நிறுவனமும் ஒரு குக்கீயைப் போடலாம். இதற்குப் பெயர் மூன்றாம் தரப்பு குக்கீ. அதே விளம்பர நிறுவனம் ஆயிரக்கணக்கான தளங்களில் இருந்தால், காலையில் ஷூ பார்த்தது, மதியம் சர்க்கரை நோய் பற்றிப் படித்தது, இரவில் வீட்டுக் கடன் வட்டி தேடியது என எல்லாவற்றையும் ஒரே கோட்டில் சேர்த்துவிடும். இது அந்தரங்கப் பிரச்சினை. சாதாரணமானதும் இல்லை. ஆனால், இதற்காகக் காசு கொடுத்து எந்த 'கிளீனரும்' வாங்கத் தேவையில்லை. பிரவுசர் செட்டிங்ஸில் ஒரு முறை மாற்றினால் பெரும்பகுதி அடைபட்டுவிடும்.

ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சிலேயே மூன்றாம் தரப்பு குக்கீகளை முழுமையாகத் தடுக்கத் தொடங்கிவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2022இலிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி டப்பாவில் பூட்டி வைக்கிறது. குரோம் மட்டும் வேறு கதை. இரண்டு ஆண்டுகளில் நிறுத்துகிறோம் என்று 2020 ஜனவரியில் கூகுள் சொன்னது. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தில் சம்பாதிக்கும் நிறுவனம் தானாகக் கதவைச் சாத்தும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. குரோம் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குப் போய், 'தர்ட் பார்ட்டி குக்கீஸ்' என்ற இடத்தில் தடையை இயக்கினால் போதும். பழைய குக்கீகளை 'டெலீட் பிரவுசிங் டேட்டா' மூலம் அழிக்கலாம். எல்லாத் தளத்திலும் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஸ்பைவேர் எப்படி வருகிறது?

ஸ்பைவேர் ஓடும் மென்பொருள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், தட்டச்சு செய்யும் எழுத்துகள், ஃபைல்கள் என எடுக்க முடிந்ததை எடுத்து வெளியே அனுப்பும். பெரும்பாலும் அது பூட்டை உடைத்துக்கொண்டு வருவதில்லை. நாமே கதவைத் திறந்துவிடுகிறோம்.

காசு கொடுக்காமல் போட்டோ எடிட்டிங் மென்பொருள் வேண்டும் என்று இறக்கும் 'கிராக்' ஃபைல் ஒரு வழி. 'ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க' என்று அதிலேயே குறிப்பு எழுதியிருக்கும். நாமும் ஆஃப் செய்கிறோம்! கூப்பன் தேட, பிடிஎஃப் மாற்ற என்று சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்கள் இன்னொரு வழி. சமீப காலத்தில் அதிகம் பேசப்படுவது போலி கேப்ச்சா. 'நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு பேஸ்ட் செய்து என்டர் தட்டுங்கள்' என்று சொல்லும். அப்படிச் செய்தால், ஸ்பைவேரை இறக்கும் கட்டளையை உங்கள் கையாலேயே இயக்கியதாக ஆகிவிடும். உண்மையான கேப்ச்சா எதுவும் இப்படிக் கேட்காது.

'நான் என்ன பெரிய ஆளா, என்னை யார் உளவு பார்க்கப் போறாங்க?' என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். இந்த வகை மென்பொருள்கள் ஆள் பார்த்து வருவதில்லை. வலையை வீசுகிறார்கள், மாட்டியதை மொத்தமாக விற்கிறார்கள். 'லும்மா' என்ற தகவல் திருடும் மென்பொருளை 2025 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட்டும் பல நாட்டு விசாரணை அமைப்புகளும் சேர்ந்து முடக்கின. அதற்கு முந்தைய இரண்டே மாதங்களில் உலகம் முழுக்க 3.94 லட்சம் விண்டோஸ் கணினிகளில் அது இருந்ததை மைக்ரோசாஃப்ட் கண்டறிந்தது.

குக்கீ மீண்டும் கதைக்குள் வருவது இந்த இடத்தில்தான். நீங்கள் ஜிமெயிலில் லாகின் ஆகியிருக்கிறீர்கள் என்பதற்கான அடையாளமும் ஒரு குக்கீதான். லும்மா மாதிரியான மென்பொருள் பாஸ்வேர்டோடு சேர்த்து அதையும் தூக்கிவிடும். திருடியவர் அதைத் தன் பிரவுசரில் வைத்தால், பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது. பல தளங்களில் நேராக உள்ளே போய்விடலாம். பூட்டை மாற்றினாலும், உள்ளே ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரை வெளியேற்றினால்தானே வீடு நம்முடையது?

பயத்தை விற்பவர்கள்

சிவப்புப் பெட்டிக்கு வருவோம். இது ஏதோ முகம் தெரியாத திருடர்களின் வேலை மட்டும் இல்லை. அமெரிக்காவின் ஆபிஸ் டிப்போ கடைகளில் 'இலவச பிசி பரிசோதனை' நடந்தது. கணினி மெதுவாக இருக்கிறதா, பாப்-அப் வருகிறதா என்பது போன்ற நான்கு கேள்விகளில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்று டிக் அடித்தாலே, தீம்பொருள் அறிகுறி இருப்பதாக முடிவு காட்டும்படி அது அமைக்கப்பட்டிருந்தது என்று அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2019இல் அந்த நிறுவனமும் மென்பொருள் கொடுத்த சப்போர்ட் டாட் காம் நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டன.

அடுத்தது இன்னும் மோசம். டிராக்கிங் குக்கீகளைத் தடுப்போம் என்று விளம்பரம் செய்த ஆன்டிவைரஸ் நிறுவனம் அவாஸ்ட். அதுவே, தன் பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தைத் தன் துணை நிறுவனம் ஜம்ப்ஷாட் வழியாக விற்றதாக அதே ஆணையம் சொன்னது. 2024இல் அவாஸ்ட் 1.65 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. காவலுக்கு வைத்த ஆளே கணக்கெழுதி விற்றிருக்கிறார்!

வைரஸ் இருப்பதாக நம்பவைத்துப் போலி நீக்கியை விற்பதை இந்தியாவிலும் தடை செய்திருக்கிறார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட 13 'டார்க் பேட்டர்ன்'கள் பட்டியலில் இதுவும் ஒன்று. விதி இருப்பதே பலருக்குத் தெரியாது என்பதுதான் வருத்தம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மெதுவாக இருக்கிறது என்பதாலேயே ஸ்பைவேர் என்று முடிவு செய்ய வேண்டாம். பழைய ஹார்டு டிஸ்க், குறைந்த ரேம், திறந்து வைத்த 40 டேப்கள் எனக் காரணம் வேறாக இருக்கலாம். தகவல் திருடும் மென்பொருள்கள் பல, சத்தமே இல்லாமல் சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடும். விண்டோஸ் கணினியில் பார்க்க வேண்டிய இடங்கள் இவை.

முதலில், பிரவுசரின் நோட்டிஃபிகேஷன் அனுமதிகள். ஓரத்தில் வரும் 'வைரஸ்' எச்சரிக்கைகளில் பல, நாம் எப்போதோ 'அலோ' கொடுத்த ஏதோ ஒரு தளம் அனுப்பும் விளம்பரமே. அனுமதியை நீக்கினால் நின்றுவிடும்.

அடுத்து எக்ஸ்டென்ஷன்கள். எதற்குச் சேர்த்தோம் என்று ஞாபகம் வராத எதுவும் அங்கே இருக்கக் கூடாது.

மூன்றாவது, செட்டிங்ஸில் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். பிரச்சினை ஆரம்பித்த சமயத்தில் வந்தது எது என்று தெரியும். யாராவது 'சப்போர்ட்' பேசி இறக்கச் சொன்ன ரிமோட் ஆப் இருந்தால் உடனே நீக்குங்கள். டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பக்கத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

கடைசியாக, பலரும் தவறவிடும் இடம்: விண்டோஸ் செக்யூரிட்டியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்'. இந்த ஃபோல்டரைச் சோதிக்காதே என்று டிஃபெண்டருக்குச் சொல்லும் பட்டியல் அது. நீங்கள் சேர்க்காத ஒன்று அதில் இருந்தால், சந்தேகப்படக் காரணம் இருக்கிறது.

நீக்கும்போது வரிசை முக்கியம்

சந்தேகம் வந்ததும் அதே கணினியில் உட்கார்ந்து பாஸ்வேர்டு மாற்றுவதுதான் நிறையப் பேர் செய்யும் தவறு. ஸ்பைவேர் உள்ளே இருந்தால் புதிய பாஸ்வேர்டும் அதே கையோடு போய்விடும்.

முதல் வேலை, சுத்தமான வேறொரு கருவியில், உதாரணமாக உங்கள் போனில், மெயில் மற்றும் வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றுவது. கூடவே, கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் லாகின் ஆகியிருக்கும் எல்லாக் கருவிகளையும் வெளியேற்ற வேண்டும். திருடப்பட்ட லாகின் குக்கீயைச் செல்லாக்காசு ஆக்குவது இந்த இரண்டாவது படிதான். அந்தக் கணினியில் ஆபிஸ் கணக்கு திறந்திருந்தால், கூச்சப்படாமல் உங்கள் ஐடி டீமிடம் சொல்லிவிடுங்கள். மறைத்தால் ஒருவரின் பிரச்சினை மொத்த நிறுவனத்தின் பிரச்சினையாகிவிடும்.

பிறகு கணினிக்கு வரலாம். டிஃபெண்டரை அப்டேட் செய்து, இணைய இணைப்பைத் துண்டித்து, முழு ஸ்கேன் ஓட்டுங்கள். அடுத்து 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் உள்ள ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் முழுமையாக எழும் முன்பே இது சோதிப்பதால், ஒளிந்துகொள்ளும் மென்பொருளுக்கு வாய்ப்பு குறைவு. இதற்கெல்லாம் தனிக் கட்டணம் கிடையாது. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவின் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' தளத்திலும் இலவசக் கருவிகள் உண்டு.

திருடும் மென்பொருள் இருந்தது உறுதி என்றால், மனசைத் தேற்றிக்கொண்டு 'ரீசெட் திஸ் பிசி' மூலம் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதே நல்லது. போட்டோ, ஆவணங்களை மட்டும் காப்பி எடுங்கள். இன்ஸ்டால் செய்யும் ஃபைல் எதையும் எடுக்காதீர்கள். பணம் போயிருந்தால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

எல்லாப் பொறுப்பும் வீட்டுக்காரருக்கா?

கிராக் இறக்கியது நம் தப்பு. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குக்கீ விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' என்ற பட்டன் பளபளவென்று முன்னால் நிற்க, மறுக்கும் வழியை நான்கு பக்கம் தள்ளி ஒளித்து வைப்பது திட்டமிட்ட வடிவமைப்பு. பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் இதற்காகவே 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும், ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. ஏற்பது ஒரு கிளிக் என்றால், மறுப்பதும் அதே அளவு எளிதாக இருக்க வேண்டும் என்பதே அதன் வாதம்.

ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டது. அவகாசம் முடிந்ததும் யார் மீது முதல் நடவடிக்கை பாய்கிறது என்பதில்தான் சட்டத்தின் பல் தெரியும்.

அதுவரை ஒரு சின்ன வேலை செய்யலாம். இந்த வாரக் கடைசியில் அரை மணி நேரம் ஒதுக்கி, எக்ஸ்டென்ஷன், நோட்டிஃபிகேஷன், குக்கீ அனுமதி மூன்றையும் வீட்டுக் கணினியில் சரிபாருங்கள். அடுத்த முறை சிவப்புப் பெட்டி வந்து பயமுறுத்தினால், அதற்குள் எதையும் அழுத்தாமல் அந்த டேபை மூடிவிடுங்கள்.